கண்டமாலையும் கூனும்

கழுத்தில் நிணநீர்க் கணுக்கள் மாலைபோல் வரிசையாகப் புடைக்கும் நோயை நம் மருத்துவ மரபு கண்டமாலை என்றது. இங்கிலாந்தில் அதை 'அரசர் நோய்' என்றனர். மன்னர் கை பட்டால் தீரும் என நம்பினர். 1712இல் இரண்டரை வயதுச் சாமுவேல் ஜான்சனை லண்டனுக்கு எடுத்துச்சென்று ஆன் அரசியைத் தொடச் செய்தாள் தாய். பின்னாளில் அகராதி படைத்த அவ்வறிஞர், அன்று பெற்ற காசை வாழ்நாள் முழுதும் கழுத்தில் அணிந்திருந்தார். கழுத்தின் தழும்புகளும் அவ்வாறே நிலைத்தன.

குழந்தையின் முதுகு கூனினாலோ, கீழே விழுந்ததைக் காரணம் காட்டுவது வழக்கம். 1779இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், கூனோடு கால்களும் செயலிழப்பதை விளக்கி, முள்ளெலும்பு நோயுற்று அரிக்கப்படுவதே இரண்டுக்கும் காரணம் என்றார். 1782இல் எழுதிய தொடர்ச்சியில் அந்த அரிப்பைக் கண்டமாலையோடு சேர்த்தே எண்ணினார். நுண்ணோக்கியில் கிருமி தென்படுவதற்கு நூறாண்டுகள் முந்திய ஊகம் இது! 1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின் ஐயம் நீங்கியது.

இரண்டுக்குமான உறவை நாம் இப்படிப் புரிந்துகொள்ளலாம். நுரையீரலிலோ குடலிலோ தொண்டையிலோ நுழையும் கிருமி, முதலில் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் தங்குகிறது. அங்கிருந்து குருதியில் கலந்து முள்ளெலும்பை அடைகிறது. எலும்பின் முன்பகுதி நொறுங்க, முதுகு முன்னோக்கி மடிகிறது, கூன் எழுகிறது.

பாலும் ஒரு வழி. மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய அபாயமில்லை என்று 1901இல் லண்டன் மாநாட்டில் காக் கூறினார். அதை ஆராய அமைந்த பிரிட்டிஷ் அரச ஆணைக்குழு, 1911இல் அளித்த இறுதி அறிக்கையில் அவர் கூற்றை மறுத்தது. காய்ச்சாத பால் குழந்தைகளின் கணுக்களையும் எலும்புகளையும் தாக்கவல்லது என்பது உறுதியாயிற்று.

ஆயினும் அறிவு வீடுகளை எட்டத் தாமதித்தது. 1891இல் சார்டீனியாவில் பிறந்த அந்தோனியோ கிராம்சியின் கூனுக்கு, பணிப்பெண் கையிலிருந்து நழுவி விழுந்ததே காரணம் எனக் குடும்பம் நம்பியது. முதுகை நிமிர்த்தவெனச் சிறுவனை உத்தரத்தில் தொங்கவிட்டனர். முசோலினியின் சிறையில் 1933இல் அவரைப் பரிசோதித்த மருத்துவரே அது 'பாட் நோய்' என்றார். 1937இல் கிராம்சி இறந்தார்; காசநோயை வெல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டறியப்பட்டது.

இன்று பல மாதங்கள் தவறாது உண்ணும் மருந்துகளால் இவ்விரு நோய்களும் குணமாகின்றன. எலும்பு நொறுங்குமுன் கண்டுகொண்டால் கூனையும் தவிர்க்கலாம். நெடுநாள் கரையாத கழுத்துக் கட்டியையும், குழந்தை ஓயாது சொல்லும் முதுகுவலியையும் நாம் பொருட்படுத்த வேண்டிய காரணம் இதுவே.