யார் காலை யார் தொடுவது?

குற்றாலத்துச் சாரல் என்றால் எல்லோருக்கும் தலையில் விழும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். எனக்குக் கால்கள் நினைவுக்கு வரும். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாசமும் எண்ணெயும் சோப்பும் கலந்து ஓடும் ஈரத்தில் நின்று கூட்டிப் பெருக்குகிற கால்கள். சேற்றுப்புண்ணும் பித்தவெடிப்பும் அந்தக் கால்களுக்கு வேலையோடு வந்த கூலி. நகராட்சியும் பேரூராட்சியும் வேலை வாங்கிய கால்கள் வயசாகி, சர்க்கரை நோயில் மரத்துப்போய் வீட்டுக்குள் முடங்கும்போது அவை யார் பொறுப்பு?

காலுக்கும் சாதி வரலாறு உண்டு. வருணக் கதை சூத்திரரைக் காலில் பிறக்க வைத்தது. நமக்கு அந்தக் காலிலும் இடமில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் நம் மக்கள்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பும் கூடாது. இதை ஹட்டன் என்ற வெள்ளைக்கார சென்சஸ் அதிகாரி பதிவு செய்திருக்கிறார். தோலைப் பதப்படுத்தி, தைத்து, ஊருக்கே செருப்புக் கொடுத்த சனம் வெறுங்காலோடு நடந்தது. எங்க அம்மாச்சி சொல்லும்: “ஊருக்குள்ள போனா செருப்பக் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிடணும்யா. முள்ளு குத்துனாலும் தெருவத் தாண்டித்தான் எடுக்கணும்.”

அதே செருப்பு மருந்தும் ஆகும் என்று காட்டியவர்கள் தொழுநோய் மருத்துவர்கள். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் படுகிற காயங்களே அவற்றைத் தின்கின்றன என்று விளக்கினார். அவர் பணியாற்றிய வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகள் செய்து கொடுக்கப்பட்டன. காலை ஊறவைப்பது, தடித்த தோலைத் தேய்ப்பது, எண்ணெய் தடவுவது, தினமும் உள்ளங்காலைப் பார்ப்பது என்று நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று கால் மரத்த சர்க்கரை நோயாளிக்கும் அந்த வகைச் செருப்பையே பரிந்துரைக்கிறார்கள். ஒரு காலைக் காப்பாற்றப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. குனிந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

சட்டமோ குனியவில்லை, விலக்கி வைத்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோய் கண்டவர் நகராட்சிப் பதவி வகிக்கக் கூடாது என்ற ஒரிசா சட்டவிதியை 2008இல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. தமிழ்நாட்டில் 2025இல் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்கச் சட்டம் திருத்தப்பட்டது. வரவேற்போம். அந்த நாற்காலியில் உட்காருகிறவர் முதலில் பேச வேண்டிய விஷயங்களில் கால் ஒன்று.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்தது. நல்லது. மாத்திரை கொடுக்கிற கை காலையும் தொட வேண்டும். இங்கேதான் சாதி குறுக்கே நிற்கிறது. சாமியாரின் காலைக் கழுவிய தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்கிற நாட்டில், தெருக் கூட்டிய கிழவியின் உள்ளங்காலைத் தொட யார் வருவார்கள்? “அது உங்க ஆளுக செய்ற வேலதான” என்று மறுபடியும் நம் பிள்ளைகள் தலையிலேயே கட்டப் பார்ப்பார்கள். அதை ஒத்துக்கொள்ளக் கூடாது. நகம் வெட்டுவதும் புண் கழுவுவதும் செவிலியர் பணி. பயிற்சியும் நிரந்தரச் சம்பளமும் உள்ள பணியாக, எல்லாச் சாதிக்காரரும் செய்கிற பணியாக அது இருக்க வேண்டும்.

தோழர்களே, தென்காசி நகராட்சியிடமும் குற்றாலம் பேரூராட்சியிடமும் நாம் கேட்பது கருணை அல்ல. ஒவ்வொரு வார்டிலும் நடக்க முடியாத முதியவர்கள், ஊனமுற்றவர்கள், ஓய்வுபெற்ற துப்புரவுத் தொழிலாளர்கள் பெயரெழுதிய ஒரு பட்டியல். மாசம் ஒருமுறை அவர்கள் வீட்டு வாசலில் ஒரு செவிலியர். காலுக்குப் பொருந்துகிற ஒரு ஜோடி செருப்பு. இது பழைய பாக்கி. வசூலிக்க வேண்டியது நாம்.