ஒளிக்கு ஓர் அளவுகோல்

கடைத்தராசின் மீது சந்தேகங் கொள்ளாத ஏழை இல்லை. இறாத்தற் கல்லைத் திருப்பிப் பார்க்கிறோம். துணிக்கடையில் முழக்கோல் நகர்வதைக் கண்கொட்டாது கவனிக்கிறோம். ஆனால் மின்குமிழின் பெட்டியில் இத்தனை ‘லூமென்’ என்று அச்சிட்டிருந்தால் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம். அந்த எண் எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது, அத்தராசைச் செய்தவர் யாவர் என்று நாம் கேட்பதில்லை. பௌதிக நூல்களும் ‘கண்டெலா’ என்னும் அலகின் வரைவிலக்கணத்தைத் தந்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன. மாணவர் அதனை மனனஞ் செய்து பரீட்சை எழுதுகின்றனர். ஆயினும் அளவைகளுக்கும் வரலாறு உண்டு. ஒளியின் அளவையைப் பொறுத்தவரை அவ்வரலாற்றின் பெரும்பகுதி நிகழ்ந்தது ஆலையிலும் சந்தையிலும் சுரங்கத்திலுமே.

ஒளியை அளக்கும் வழியைத் தெளிவாகக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞரான பியேர் பூகே. 1729இல் வெளியான தம் நூலில் அவர் ஓர் எளிய உண்மையை ஆதாரமாகக் கொண்டார். ஒரு வெளிச்சம் மற்றொன்றைவிட எத்தனை மடங்கு என்று கண்ணாற் சொல்ல இயலாது. ஆனால் அருகருகே விழும் இரு வெளிச்சங்கள் சமமா அல்லவா என்பதைக் கண் நன்றாகவே சொல்லும். ஆகவே பிரகாசமான விளக்கைத் தூர நகர்த்திச் சமப்படுத்தி, தூரங்களின் வர்க்கத்தைக் கொண்டு கணக்கிட்டால் விடை கிடைத்துவிடும். இம்முறையால் அவர் சூரியனையும் பூரணச் சந்திரனையும் ஒப்பிட்டு, ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 3,00,000 மடங்கு என்று கண்டார்.

முதலாளிமாருக்குச் சந்திரனின் கணக்குத் தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தேவையான கணக்கை வில்லியம் மேர்டொக் செய்து கொடுத்தார். பௌல்டன் - வாட் கொம்பனியில் ஊழியம் பார்த்த இப்பொறியியலாளர், 1805ஆம் ஆண்டளவில் மன்செஸ்டரை அடுத்த சோல்ஃபோர்டில் பிலிப்ஸ் - லீ என்பாரின் நூலாலைக்கு நிலக்கரி வாயு விளக்குகளை அமைக்கத் தொடங்கினார். 1808இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் முன் வாசிக்கப்பட்ட அவரது கட்டுரையை நாம் ஒரு விஞ்ஞான ஆவணமாகவும் படிக்கலாம். கணக்கப்பிள்ளையின் பேரேடாகவும் படிக்கலாம். நிழல்களை ஒப்பிட்டு அவர் அளந்தார். ஆலையிலிருந்த 904 சுடர்களும் சேர்ந்து 2,500 கொழுப்பு மெழுகுதிரிகளுக்குச் சமம். நாளொன்றுக்குச் சராசரி இரண்டு மணி நேரம் எரித்தால், ஆண்டுக்கு மெழுகுதிரிச் செலவு 2,000 பவுண். வாயுச் செலவு 600 பவுண். இவ்வளவில் அவர் நிற்கவில்லை. மூன்று மணி நேரம் எரித்தால் எப்படி? மெழுகுதிரி 3,000 பவுணாக ஏறும். வாயுவோ 650 பவுணோடு நின்றுவிடும்.

இவ்விரண்டாவது கணக்கைச் சற்று நின்று பார்க்கவேண்டும். மெழுகுதிரி எரிந்த காலத்தில் ஒவ்வொரு இரவு மணியும் முதலாளிக்கு ஆயிரம் பவுண் செலவு வைத்தது. வாயு விளக்கு வந்ததும் மூன்றாவது மணிக்கு ஐம்பது பவுணே செலவு. இருட்டிய பின்பும் ஆலையை ஓட்டுவதற்கு இருந்த பொருளாதாரத் தடை அன்றோடு பெரும்பாலும் நீங்கியது. ஆலைகளில் வேலை பழகும் பிள்ளைகளைப் பன்னிரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது, இரவு வேலை கொடுக்கலாகாது என்று 1802இல்தான் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது என்பதையும் நினைவிற் கொள்வோம். தொழிலாளரும் இந்த வெளிச்சத்தை விரும்பினர் என்று மேர்டொக் எழுதினார். விரும்பியிருக்கலாம், கொழுப்புத் திரியின் புகையை அறிந்தவர்கள் அதனை மறுக்கமாட்டார்கள். ஆனால் அளவுகோல் அளந்தது அவர்களுடைய விருப்பத்தை அன்று. அவ்வாண்டே மேர்டொக்குக்கு ரம்ஃபோர்ட் பதக்கம் கிடைத்தது.

பின்னர் ஒளி விற்பனைப் பண்டமாயிற்று. இலண்டனின் வாயுக் கொம்பனிகள் விற்பது நல்ல சரக்கா கெட்ட சரக்கா என்று பார்க்க ஓர் எடைக்கல் வேண்டும் அல்லவா? 1860ஆம் ஆண்டின் சட்டம் அதனை ஏற்படுத்தியது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகினால் வார்த்த திரி. ஆறு சேர்ந்தால் ஓர் இறாத்தல். மணிக்கு 120 கிரெயின் எரியவேண்டும். அதன் சுடரே நியமம். சமுத்திரத்துப் பிராணி ஒன்று இவ்வாறு இலண்டன் வாயு வியாபாரத்தின் எடைக்கல்லாயிற்று. பிரான்சில் எண்ணெயெரிக்கும் கார்செல் விளக்கு நியமமாயிற்று. ஜேர்மனியில், சீமன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெஃப்னர் அல்டெனெக் 1884இல் முன்மொழிந்த 40 மில்லிமீற்றர்ச் சுடர். ஒரு தேசத்தின் விளக்கை மற்றத் தேசத்தில் விற்கப் போனால் கணக்கு உதைத்தது. 1909இல் பிரித்தானியாவும் பிரான்சும் அமெரிக்காவும் ஒரு ‘சர்வதேச மெழுகுதிரி’க்கு உடன்பட்டன, ஜேர்மனி உடன்படாது தன் ஹெஃப்னரோடு நின்றது. சர்வதேசம் என்ற சொல்லை எவ்வளவு மலிவாக வழங்குகிறார்கள் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம். 1900இல் பாரிசிற் கூடிய வாயுத் தொழில் மகாநாட்டிலே பிறந்த ஒளியளவைக் குழு, 1913இல் பேர்லினில் சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழுவாக மாறியது. பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துக்களால் அதனை ‘சீ.ஐ.ஈ.’ என்பர்.

விற்ற ஒளியை அளக்க இத்தனை ஏற்பாடு நடந்தது. உழைப்பவனுக்குக் கிடைத்த ஒளியை அளந்தவர் யார்? பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறங்கிப் பார்ப்போம். 1815இல் ஹம்ஃப்ரி டேவி அமைத்த காவல் விளக்கு வாயு வெடியினின்று உயிரைக் காத்தது மெய்யே. ஆயினும் கம்பி வலைக்குள் அடங்கிய அச்சுடர் தந்தது ஒரு மெழுகுதிரிக்கும் குறைந்த வெளிச்சம். அதனையும் சுற்றியிருந்த கரி விழுங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் அவ்விருளில் வேலை செய்தோரின் கருவிழிகள் தம்வசமின்றி ஆடத்தொடங்கின. பார்க்கும் விளக்கெல்லாம் சுழன்றாடும். ‘நிஸ்டாக்மஸ்’ என்று வைத்தியர் பெயரிட்ட இந்நோய் ஆயிரக்கணக்கானோரைப் பீடித்தது. படுத்தபடி சாய்ந்து பார்த்துக் கரி வெட்டுவதே காரணம் என்றார் ஷெஃபீல்டின் கண் வைத்தியர் சிமியன் ஸ்னெல். இல்லை, மங்கிய விளக்கே காரணம் என்று சுரங்கப் பகுதியில் வைத்தியம் பார்த்த டாக்டர் கோர்ட் 1890களில் வாதாடினார். இது வைத்தியர்களுக்கிடையே நடந்த வெறும் வாய்ச்சண்டையன்று. உடல் வளைவது காரணமானால் அது தொழிலின் இயல்பு; விளக்குக் காரணமானால் நல்ல விளக்குக் கொடுக்கவேண்டியவன் முதலாளி. 1907இல் நட்டஈடு பெறத்தக்க நோய்களின் பட்டியலில் நிஸ்டாக்மஸ் சேர்க்கப்பட்டது. 1912இல் லெவெலின் என்பார் சுரங்கத்து வெளிச்சத்தையே அளந்து எழுதிய நூல் கோர்ட்டின் பக்கம் நின்றது. 1922இல் மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் குழுவும் ஒளிக்குறைவே மூலகாரணம் என்றது. வாயு வியாபாரத்துக்காகப் பண்படுத்தப்பட்ட அளவுகோல் இங்கே தொழிலாளியின் கைக்கு வந்து சாட்சி சொன்னது. விஞ்ஞானம் ஆளும் வர்க்கத்தின் ஏவலாள் மட்டுமே என்று ஒரே போடாகப் போடும் நண்பர்கள் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஆலைகளின் கதை இன்னும் நீண்டது. போதிய வெளிச்சம் வேண்டும் என்று 1937ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டம் சொல்லிற்று. எவ்வளவு போதும் என்பதற்கு 1941இல்தான் ஓர் எண் கிடைத்தது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஆறு ‘அடி மெழுகுதிரி’. அதாவது ஒரு மெழுகுதிரி ஓரடி தூரத்தில் வீழ்த்தும் வெளிச்சத்தைப் போல் ஆறு மடங்கு. அது யுத்தகாலம். குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சாளரங்களை மூடிவிட்டு இரவும் பகலும் உற்பத்தி நடந்த காலம். நூறாண்டு முறையீடு பெறாததை யுத்த உற்பத்தி பெற்றுத்தந்தது.

இதற்கிடையில் சீ.ஐ.ஈ. கண்ணுக்கே நியமம் வகுக்கத் தொடங்கியிருந்தது. எந்த நிறத்து ஒளி கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தோன்றும் என்பதைக் காட்டும் வளைகோட்டினை 1924இல் ஏற்றது. நிறங்களை எண்களாற் குறிக்கும் முறையை 1931இல் கேம்பிரிட்ஜிற் கூடியபோது ஏற்றது. அம்முறையின் நடுநாயகமாக ‘நியம அவதானி’ என்றொருவர் இருக்கிறார். அவர் யார்? இலண்டனில் ரைட் பரிசோதித்த பத்துப் பேர், டெடிங்டனில் கில்ட் பரிசோதித்த ஏழு பேர். ஆகப் பதினேழு பேரின் சராசரி. பின்னர் ஸ்டைல்ஸும் பேர்ச்சும் பரிசோதித்த 49 பேரின் முடிவுகளையும் சோவியத் ஆய்வாளர் ஸ்பெரான்ஸ்கயாவின் முடிவுகளையும் கொண்டு 1964இல் இன்னொரு நியம அவதானி வகுக்கப்பட்டார். எனினும் பழையவர் பதவியிறங்கவில்லை. 1924ஆம் ஆண்டின் வளைகோடு நீல ஒளியைக் குறைத்து மதிக்கிறது என்று ஜட் 1951இல் திருத்தம் காட்டினார். கருவிகளும் அட்டவணைகளும் பழையதை நம்பியே செய்யப்பட்டிருந்தமையால் பழையதே நிலைத்தது.

1965இல் விளக்குகள் நிறங்களை எவ்வளவு செம்மையாகக் காட்டுகின்றன என்று சோதிக்கப் பதினான்கு மாதிரி நிறங்கள் வகுக்கப்பட்டன. பதின்மூன்றாவதன் பெயர் ‘மனித மேனி’. அது இளமஞ்சள் கலந்த வெளிர் ரோசா நிறம். இதனைப் படிப்பவர் தம் புறங்கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். யப்பானியர் தம்மவரின் மேனிக்கெனப் பதினைந்தாவது மாதிரியொன்றைத் தம் தேசிய நியமத்திற் சேர்த்துக்கொண்டனர்.

மெழுகுதிரியின் கதையை முடித்துவிடுவோம். உருகி உறையும் பிளாட்டினத்தின் ஒளியே இனி நியமம், 1940 முதல் அது நடைமுறைக்கு வரும் என்று 1937இல் தீர்மானித்தார்கள். யுத்தம் குறுக்கிட்டது. 1948இல் அது உறுதிப்பட்டு, இலத்தீன் மொழியில் மெழுகுதிரியைக் குறிக்கும் ‘கண்டெலா’ என்ற பெயரைப் பெற்றது. 1979இல் பிளாட்டினமும் கைவிடப்பட்டது. செக்கனுக்கு 540 இலட்சம் கோடி முறை அதிரும் பச்சை ஒளியில் ஒரு வாற்றுக்கு 683 லூமென் என்பது இன்றைய வரைவிலக்கணம். 683 என்பது இயற்கை தந்த எண்ணன்று. ஏற்கெனவே வழங்கிய அலகின் அளவு மாறக்கூடாதென்று தெரிந்தெடுக்கப்பட்டது. அவ்வலகும் அதற்கு முந்திய மெழுகுதிரியை அதிகம் விலகாது வகுக்கப்பட்டதேயாம். ஆகவே திமிங்கிலத் திரியின் ஒளி ஏறக்குறைய அதே அளவில் இன்றும் அவ்வெண்ணுள் எரிகின்றது. ஏனைய நிறங்களைக் கணக்கிட வேண்டியபோது 1924ஆம் ஆண்டின் வளைகோட்டையே இன்றும் எடுக்கின்றனர்.