ஐம்பது ரூபாயில் தொடங்கிய கணக்கு: ஜீவனாம்சத்தின் வரலாறும் நம் பிள்ளைகளும்

மந்தைவெளியில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் ஓர் அக்கா எங்களிடம் ஒரு முத்திரைத்தாளை எடுத்துவந்து காட்டினார். தனக்கும் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் கணவரிடமிருந்து இனி எதுவும் வேண்டாம், பின்னால் கேட்கவும் மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து, கணவருடைய கையெழுத்து, இரண்டு சாட்சிகள். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பெரியவர்கள் சிலர் இருவரையும் உட்காரவைத்துப் பேசி முடித்திருக்கிறார்கள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து.

"கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே ஒண்ணும் கேக்க முடியாதாம்மா?" என்பதுதான் அவருடைய கேள்வி.

முடியும். ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. அதைத் தாய் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் இந்தப் பதிலைச் சொல்லிவிட்டு நாம் எழுந்துபோய்விட முடியவில்லை. இவ்வளவு பழைய ஓர் உரிமை நம் குப்பங்களுக்கும் சேரிகளுக்கும் ஏன் ஒரு வதந்தியைப் போல மட்டும் வந்து சேர்ந்தது? அதைப் புரிந்துகொள்ள அந்தச் சட்டம் பிறந்த காலத்துக்குப் போக வேண்டும்.

யாருடைய நிம்மதிக்காக வந்த சட்டம்?

கைவிடப்பட்ட மனைவிக்கும் பிள்ளைக்கும் மாதாமாதம் பணம் தரவேண்டும் என்ற விதி, முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே, 1861இல், இருக்கிறது. 1872இல் அது திருத்தி எழுதப்பட்டது. 1898 சட்டத்தில் 488ஆம் பிரிவாக இருந்தது. நம் பாட்டிமார்கள் காலத்து வக்கீல்கள் 'ஃபோர் எய்ட்டி எய்ட் கேஸ்' என்று சொன்னது இதைத்தான்.

குடும்ப விவகாரம் ஏன் திருட்டு, அடிதடி வழக்குகளுக்கான சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது? 1872 சட்டத்தை வடிவமைத்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் இதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார். ஆதரவற்றவர்கள் தெருவில் அலைவதையும் அதனால் வரும் விளைவுகளையும் தடுக்கும் வழி இது என்பதே அவருடைய விளக்கம். பசியோடு இருக்கும் குழந்தையின் உரிமை அங்கே பேசப்படவில்லை. தெருவில் பிச்சைக்காரர்கள் பெருகக்கூடாது, அரசு கஜானாவுக்குச் செலவு வரக்கூடாது என்பதுதான் கவலை. இங்கிலாந்தின் ஏழைகள் சட்டத்திலும் இதே தர்க்கம்தான் இருந்தது. தகப்பன் கட்டாவிட்டால் ஊர் கட்ட வேண்டிவரும், ஆகவே தகப்பனைக் கட்டவை.

1898 சட்டம் விதித்த உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். மிராசுதாரின் பிள்ளையாக இருந்தாலும் பறைச்சேரிப் பிள்ளையாக இருந்தாலும் மாஜிஸ்திரேட்டால் அதற்குமேல் உத்தரவிட முடியாது. பிச்சை எடுக்காமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு என்பதுதான் அளவுகோல்.

ஆனாலும் இந்தச் சட்டத்தில் இரண்டு நல்ல கூறுகள் இருந்தன. முதலாவது, அது சாதி, மதம் கேட்கவில்லை. இரண்டாவது, முறைப்படி மணம் செய்தவர்களுக்குப் பிறந்த பிள்ளையா இல்லையா என்று பார்க்காமல், எந்தப் பிள்ளைக்கும் தகப்பன் பொறுப்பு என்று அது சொன்னது.

மனைவி என்று நிரூபி

பிள்ளைக்கு இருந்த இந்த வசதி தாய்க்கு இல்லை. ஜீவனாம்சம் கேட்க அவள் 'மனைவி' என்று நிரூபிக்க வேண்டும். யார் மனைவி என்பதைச் சாஸ்திரமும் நீதிமன்றமும் முடிவு செய்தன.

நம் சமூகங்களில் பிரிவு புதிதல்ல. ஒத்துவராதபோது ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பிரிந்துபோவதும் மறுமணம் செய்துகொள்வதும் வழக்கத்தில் இருந்தன. மணமுறிவு இந்துப் பண்பாட்டுக்கு விரோதம் என்று சிலர் கூச்சலிட்டபோது, பெரும்பான்மையான சூத்திர சாதிகளில் அது ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளது என்பதை நாடாளுமன்றத்தில் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். ஆனால் இந்த வழக்கத்தை இனிப்பு தடவிச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. பிரிந்துபோகும் சுதந்திரம் இருந்தது. பிரிந்த பிறகு பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்பதற்கு ஊர்ப் பஞ்சாயத்திடம் நிலையான பதில் இல்லை. பெரும்பாலும் தாயும் தாயின் தாயுமே போட்டார்கள்.

1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாட்டை நம்மில் பலர் அறிவோம். சென்னையின் என். சிவராஜ் தலைமை வகித்த மாநாடு அது. அதையொட்டி ஜூலை 20 அன்று நடந்த பெண்கள் மாநாட்டைப் பற்றி எத்தனை பேர் படித்திருக்கிறோம்? மணமுறிவு உரிமை வேண்டும், பலதார மணம் ஒழிய வேண்டும் என்று அங்கே தலித் பெண்கள் தீர்மானம் போட்டார்கள். இந்துச் சட்ட மசோதா நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது நடந்தது. அந்த மசோதா முடக்கப்பட்டபோது, 1951 செப்டம்பரில், அம்பேத்கர் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். பிறகு அது துண்டுதுண்டாக நிறைவேறியது. அதில் ஒரு துண்டுதான் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பிள்ளையைப் பராமரிக்கும் கடமை தகப்பன், தாய் இருவருக்கும் உண்டு என்கிறது. 24ஆம் பிரிவோ, மதம் மாறி இந்து அல்லாதவர் ஆகிவிட்டால் இச்சட்டப்படி ஜீவனாம்சம் கேட்க முடியாது என்கிறது. சாதியிலிருந்து தப்பிக்கக் கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ போனவர்களுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது. அவர்களுக்கு மிஞ்சியது மதம் கேட்காத அந்தப் பழைய 488தான்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஐயர் இல்லாமல், ஓமம் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த திருத்தம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வரும்வரை இந்த நிலை நீடித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கைவிடப்பட்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கொள்கைக்காக மாலை மாற்றிக்கொண்டவள். நீதிமன்றத்தில் கணவன், "இவள் என் மனைவியே இல்லை" என்று சொல்ல அந்தத் தீர்ப்பு இடம் கொடுத்தது. அவளுடைய பிள்ளைக்குச் சோறு கேட்கலாம், ஆனால் மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு கேட்க வேண்டும்.

ஐந்நூறு ரூபாயில் நின்ற 46 ஆண்டுகள்

50 ரூபாய் உச்சவரம்பு 1923இல் 100 ஆனது. 1955இல் 500 ஆனது. 1973இல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்து 488 என்பது 125 ஆக மாறியது. எண் மாறியது, 500 மாறவில்லை. அரிசி விலையும் வாடகையும் எத்தனையோ மடங்கு ஏறிய பிறகும், 2001 செப்டம்பர் வரை அந்த 500 அப்படியே நின்றது.

அந்த 500கூட மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்தா, ஆளுக்கு 500ஆ என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஆளுக்குத் தனித்தனியாக என்று பொருள் சொன்னார். அதே காலத்தில் இந்தூரில் ஷா பானுவுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிட்டது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அவருடைய கணவர் ஒரு வழக்கறிஞர். 1985இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை உறுதிசெய்ததும் நாடே மதத்தைப் பற்றி விவாதித்தது. 25 ரூபாயில் ஒரு மூதாட்டி எப்படி மாதத்தை ஓட்டுவாள் என்ற கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது.

2001 திருத்தம் உச்சவரம்பை நீக்கியது. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம், அந்த மனுவை முடிந்தவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதே விதி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. பயணம் செய்து வந்த பெயர்கள் மூன்று: 488, 125, 144.

சம்பளச் சீட்டு இல்லாத தகப்பன்

உச்சவரம்பு போனது. அடுத்த சுவர் வருமானத்தை நிரூபிப்பது.

2017இல் ஒரு வழக்கில், கணவனின் நிகரச் சம்பளத்தில் கால் பங்கு நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. அன்றிலிருந்து பலரும் '25 சதவீதம்' என்று பேசுகிறார்கள். எதில் 25 சதவீதம்? தி.நகர் நகைக்கடையில் சரக்கு இறக்குபவருக்கும், அடையாறில் பெயின்ட் அடிப்பவருக்கும், ஷேர் ஆட்டோ ஓட்டுபவருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. நல்ல தீர்ப்பு. அதே தீர்ப்பில், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் அன்றாடக் கூலிகளுக்கும் இந்தப் பத்திரத்திலிருந்து விலக்கு உண்டு. ஏழைகளை அலைக்கழிக்கக்கூடாது என்ற அக்கறையில் தந்த விலக்குதான். ஆனால், "எனக்கு வருமானமே இல்லைங்க" என்று சொல்லும் ஆண் எதையும் எழுதிக்கொடுக்காமல் தப்பிக்கவும் அது வழிவிடலாம்.

இதை ஏழை ஆண்களின் தந்திரம் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம். வழக்கு வந்ததும் வேலையை ராஜினாமா செய்பவர்களையும், அப்பா பெயரில் தொழிலை மாற்றுபவர்களையும் வசதியான தெருக்களிலேயே பார்க்கிறோம். இருவருக்கும் பதில் 2022இல் வந்த ஒரு தீர்ப்பில் இருக்கிறது. உடல் திடமுள்ள ஆண், கூலி வேலை செய்தாவது மனைவி, பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

எனவே களத்தில் நாங்கள் செய்வது எளிய வேலை. ஆட்டோ பர்மிட், பைக் தவணை ரசீது, சீட்டுப் பணம் கட்டிய நோட்டு, நன்கொடையாளராகத் திருவிழா பேனரில் வந்த பெயர் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம். சம்பளச் சீட்டு இல்லாதவனின் சம்பளம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

ஊர் போனதும் செலவு ஏறியது

பிள்ளை வளர்க்கும் செலவு என்றதும் பள்ளிக் கட்டணம், நோட்டு, செருப்பு, மருந்து என்று பட்டியல் போடுகிறோம். பட்டியலில் வராத ஒன்று உண்டு. மயிலாப்பூர், பட்டினப்பாக்கம், அடையாற்றங்கரை குடிசைப் பகுதிகளில் ஒரு பெண் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டு அத்தையோ பாட்டியோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குக் காசு இல்லை.

2000 முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று இந்த மக்களை நகரத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தெரு கலைந்தபோது அத்தையும் பாட்டியும் வேறுவேறு பிளாக்குக்குப் போனார்கள். வேலை மட்டும் மயிலாப்பூரிலேயே இருந்தது. தனியாக வளர்க்கும் தாய்க்கு, அதுவரை காசில்லாமல் கிடைத்த பராமரிப்பு மாதச் செலவாக மாறியது. எந்த ஜீவனாம்ச மனுவிலும் நாங்கள் இதைச் செலவாகப் பார்த்ததில்லை. இனி எழுதவைக்க வேண்டும்.

பெரும்பாக்கத்திலிருந்து பாரிமுனையில் ஐகோர்ட் வளாகத்தில் இருக்கும் குடும்பநல நீதிமன்றத்துக்கு ஒரு வாய்தாவுக்குப் போய்வந்தால் முழுநாள் போய்விடும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அன்றைய வீட்டு வேலைக்கூலியை யார் தருவது? நான்கு வாய்தாவுக்குப் பிறகு வீட்டுக்காரம்மா வேறு ஆளை வைத்துக்கொள்கிறார்.

சாதி மறுப்புத் திருமணத்தில் இன்னொரு செலவும் சேர்கிறது. ஆதிக்க சாதித் தகப்பன் விட்டுப்போன பிறகு, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டால் தகப்பன் சான்றிதழைக் கொண்டுவா என்கிறார்கள். சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகை இல்லை. தாயின் பட்டியல் சாதிச் சூழலில் வளர்ந்து, அதன் இழிவுகளை அனுபவித்த பிள்ளை தாயின் சாதியைக் கோரலாம் என்பதை 2012இல் உச்ச நீதிமன்றம் ரமேஷ்பாய் நாயிகா வழக்கில் தெளிவாக்கிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலோடு தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள்.

நம் வீட்டுக் கணக்கு

தோழர்களே, இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று நீலச் சட்டை போட்டு முன்வரிசையில் நிற்கும் சிலரின் பிள்ளைகளுக்காக நாங்கள் மனு எழுதியிருக்கிறோம். "இயக்கத்தின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம்" என்று எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. நாக்பூரில் தீர்மானம் போட்ட பெண்கள் உள்ளுக்குள்ளே பேசிக்கொண்டு போகவில்லை. அம்பேத்கர் பதவியை விட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தப் பெண்களின் சட்டம். அதை மேடையில் சொல்லிவிட்டு மாதம் 3,000 ரூபாயை மறைப்பவரை நாம் கேள்வி கேட்டாக வேண்டும்.

அரசையும் கேட்க வேண்டும். ஜெர்மனியில் 1980 முதல், பிரிந்துபோன பெற்றோர் பணம் கட்டாவிட்டால் அரசே பிள்ளைக்கு முன்பணம் தந்துவிட்டு, பிறகு அவரிடம் வசூலிக்கிறது. துரத்தும் வேலை தாயின் தலையில் விழுவதில்லை. இங்கே கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பலாம், சிறை போனாலும் பாக்கி தீராது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் மனு போட்டு, வாரண்ட் வாங்கி, ஆளைத் தேடிக்காட்ட வேண்டியவள் அவளே. ஒரு வருடத்துக்குள் கேட்காத பாக்கியை அந்த வழியில் வசூலிக்கவும் முடியாது.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். தொலைபேசி எண் 15100. தான் வசிக்கும் இடத்திலேயே அவள் மனு போடலாம். உங்கள் தெருவில் பத்துப் பேருக்கு இதைச் சொல்லுங்கள்.

மந்தைவெளி அக்கா மனு போட்டார். முத்திரைத்தாளை எதிர்த்தரப்பு நீட்டியது. அது பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. ஐந்து மாதத்தில் இரண்டு மாதப் பணம் வந்திருக்கிறது. மீதி மூன்று மாதத்துக்கு வசூல் மனு தயாராகிறது. அடுத்த வாய்தா அன்று சின்னவனைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது என்பதுதான் இப்போது அவர் எங்களிடம் கேட்டிருப்பது. எங்களில் ஒருவர் போகிறோம்.