திருத்தணியும் டபுள் ஓ.டி.யும்

திருத்தணி எந்த மாநிலம் என்ற கேள்விக்கு ஒரு பெரிய வரலாறே உண்டு. சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து 1953-ல் ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல் தமிழகத்துக்குத் திரும்பியது. இத்தனை மாற்றத்திலும் இந்த ஊர்த் தொழிலாளிக்கு மாறாத சட்டம் ஒன்று இருந்தது: 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம். மத்திய சட்டம் என்பதால் எல்லைக்கு இரண்டு பக்கமும் அதுதான்.

அதன் 59-வது பிரிவைத்தான் நாம் ‘டபுள் ஓ.டி.’ என்கிறோம். ஒரு நாளில் 9 மணி நேரமோ, வாரத்தில் 48 மணி நேரமோ தாண்டினால் இரட்டிப்புக் கூலி. இது சும்மா கிடைத்துவிடவில்லை. 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு உலகத்துக்கு 48 மணி என்றது. இந்தியாவுக்கு மட்டும் 60. அதையொட்டி வந்த 1922-ம் வருடத் திருத்தத்தில் ஓவர்டைமுக்குக் கிடைத்தது ஒன்றேகால் பங்கு கூலிதான். அது இரண்டு பங்காக உயர கால் நூற்றாண்டு ஆனது.

ஏன் இரட்டிப்பு? உழைத்த உடம்புக்கு ஈடு என்பது ஒரு பாதி. முதலாளி கையைக் கடித்தால்தான் நேரத்தை நீட்ட யோசிப்பார் என்பது மறுபாதி. 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி, 12 மணி நேர வேலைக்கும் சாதாரணக் கூலியே போதும் என்று குஜராத் அரசு அறிவித்தது. அதே வருடம் அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சரி, திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் ஓடுகிற விசைத்தறிகளுக்கு இதில் என்ன கிடைத்தது? வீட்டை ஒட்டி நாலு தறி, ஆறு தறி போட்ட கொட்டகைகள்தான் அங்கே ஏராளம். 1948 சட்டப்படி மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது ‘தொழிற்சாலை’. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் ஓ.டி. இருந்தது, ஆனால் மணி, நாள், மாதம் என்று கூலி நிர்ணயித்தவர்களுக்குத்தான். நெய்த அளவுக்குக் கூலி வாங்குகிறவருக்கு எது ஓவர்டைம்? ராத்திரி பத்து மணிக்குத் தறி ஓடினாலும் அதே கூலிதான்.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் இரட்டிப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் 10 பேர் என்ற கணக்கு 20 ஆகிவிட்டது. ஊரின் எல்லைக்காகப் போராடி ஜெயித்தோம். சட்டத்துக்குள் போட்டிருக்கும் இந்த எல்லையைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. ஒரு தறிக்காரருக்கு அன்றாடம் உறைப்பது இந்த எல்லைதான்.