அகவிலைப்படி: சம்பள உயர்வா, குறைந்ததன் ஈடா?

ஆண்டுக்கு இரண்டு முறை நாளிதழ்களில் ஒரே மாதிரி தலைப்பு வரும்: அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி உயர்வு, இத்தனை லட்சம் பேர் பயன், அரசுக்கு இத்தனை கோடி கூடுதல் செலவு. அன்று முழுக்க நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் எங்களைப் போன்றவர்கள் கேட்கும் பேச்சும் ஒன்றுதான். "உங்களுக்கு என்ன சார், மறுபடியும் டி.ஏ. ஏத்திட்டாங்களே!"

பல ஆண்டுகள் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டவன் என்ற முறையில் இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று நீண்ட நாளாக எண்ணம். அகவிலைப்படி சம்பள உயர்வு அல்ல. ஏற்கனவே குறைந்துபோன சம்பளத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு, அதுவும் சில மாதம் தாமதமாக. இது புரிய அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதன் பெயர் பஞ்சப்படி. பிறகுதான் அகவிலைப்படி என்று ஆயிற்று. சிறு வயதில் ஆத்திசூடி படித்தவர்களுக்கு ஃ எழுத்துக்கு வரும் அடி நினைவிருக்கும். அதிலுள்ள அஃகம் என்ற சொல்லுக்குத் தானியம் என்று பொருள். அகவிலை என்றால் தானியத்தின் விலை. ஆக, பழைய பெயரில் பஞ்சம் இருக்கிறது, புதிய பெயரில் தானியம் இருக்கிறது. இரண்டிலும் உயர்வு என்ற சொல்லே இல்லை.

வெள்ளைக்காரன் காலத்திலேயே, தானிய விலை ஓர் அளவைத் தாண்டினால் கடைநிலை ஊழியர்களுக்குத் தானிய ஈட்டுப்படி என்று ஒரு சிறு தொகை கொடுக்கும் வழக்கம் இருந்தது. பியூனும் காவலரும் பட்டினி கிடந்தால் நிர்வாகம் நடக்காது என்ற கணக்கு அது. இரண்டாம் உலகப்போரில் இந்த வழக்கம் பெரிதாக வளர்ந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றுபோனது. பர்மா அரிசியை நம்பியிருந்த சென்னை மாகாணத்துக்கு அது பெரிய அடி. நம் பெற்றோர் ரேஷன் வரிசை பற்றிச் சொன்ன கதைகள் எல்லாம் அந்தக் காலத்தவை.

அதற்கு முன்பே, 1940-ல், ரயில்வே தொழிலாளர்களின் பஞ்சப்படிக் கோரிக்கையை விசாரிக்க பி. என். ராவ் தலைமையில் ஒரு விசாரணை மன்றம் அமைந்தது. பின்னாளில் அரசியல் நிர்ணய சபைக்கு ஆலோசகராக இருந்தாரே, அவரேதான். விலை ஏறினால் குறைந்த சம்பளக்காரனுக்கு ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இப்படித்தான் சலுகை என்ற நிலையிலிருந்து விதி என்ற நிலைக்கு மெல்ல நகர்ந்தது.

1946-ல் முதல் மத்திய ஊதியக் குழு அமைந்தது. அதன் தலைவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் பிறகு டெல்லி ஃபெடரல் கோர்ட்டிலும் நீதிபதியாக இருந்த சர் எஸ். வரதாச்சாரியார். 1947-ல் வந்த அறிக்கை கடைநிலை ஊழியருக்கு மாதம் 55 ரூபாய் என்றது. அதில் அடிப்படைச் சம்பளம் 30, பஞ்சப்படி 25. சம்பளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி பஞ்சப்படி! போர் முடிந்தால் விலை இறங்கும், படியும் தானாக மறையும் என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். விலை இறங்கவில்லை, படியும் மறையவில்லை.

1957-ல் நடந்த 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு, ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, விறகு, விளக்கு. இந்த உணவுக் கணக்கைத் தந்தவர் டாக்டர் அய்க்ராய்டு. அவர் 1935 முதல் 1945 வரை நம் நீலகிரியில், குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். 2015-ல் ஏழாவது ஊதியக் குழு 18,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக நிர்ணயித்தபோதும் அதே அய்க்ராய்டு கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது. அரிசி, பருப்பு, காய்கறி, பால், எண்ணெய் என்று எழுதி, விலை போட்டு, கூட்டித்தான் சம்பளத்தின் அடிமட்டம் வருகிறது.

ஜகந்நாத தாஸ் தலைமையிலான இரண்டாவது குழு 1959-ல் 80 ரூபாய் என்று சொன்னது. அதில் 70 அடிப்படைச் சம்பளம், 10 பஞ்சப்படி. 1957 மாநாட்டின் கணக்கை அது ஏற்கவில்லை என்பதும், பஞ்சப்படி விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும் என்பதும் ஊழியர்களின் குறை. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு அவசரச் சட்டம் போட்டது, கைதுகள் நடந்தன. இன்று ஆணை வந்தவுடன் வங்கிக் கணக்கில் ஏறும் தொகைக்குப் பின்னால் அந்தத் தலைமுறை இழந்த வேலையும் சம்பளமும் இருக்கின்றன.

1974 நினைவிருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம். ஜூலையில் கட்டாய வைப்பு அவசரச் சட்டம். புதிதாக வரும் சம்பள உயர்வு முழுவதும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியும் கைக்கு வராது, வைப்புக் கணக்குக்குப் போகும், பிறகு ஆண்டுத் தவணைகளில் வட்டியோடு திரும்ப வரும் என்றது சட்டம். பணவீக்கத்தை அடக்க வேறு வழியில்லை என்பது அரசின் வாதம். விலை ஏறியதால் கிடைக்கும் ஈட்டை, விலை ஏறுகிறது என்பதற்காகவே நிறுத்தி வைத்தால் குடும்பம் எப்படி நடக்கும் என்பது ஊழியர்களின் கேள்வி.

1986-ல் நடைமுறைக்கு வந்த நான்காவது குழுவின் பரிந்துரைதான் ஜனவரி 1, ஜூலை 1 என்ற இன்றைய ஒழுங்கைக் கொண்டுவந்தது. அப்போதும் எல்லோருக்கும் முழு ஈடு இல்லை. 3,500 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு விலையேற்றத்தில் நூறு சதவீதம், 6,000 வரை 75, அதற்கு மேல் 65. நம் திருநெல்வேலிச் சீமையின் நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாவது குழுதான் எல்லா நிலையினருக்கும் நூறு சதவீதம் என்றது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 1988 ஜூன் முதல் மத்திய அரசு ஊதிய விகிதங்களை ஒட்டிய ஊதியம் கிடைத்தது. மத்திய அரசு படியை அறிவித்ததும் மாநில அரசு எப்போது அறிவிக்கும் என்று நாம் காத்திருக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு என்று ஒன்றை மத்திய அரசின் தொழிலாளர் செயலகம் மாதாமாதம் வெளியிடுகிறது. இப்போது 88 மையங்களில் விலை எடுக்கிறார்கள். சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் எல்லாம் அதில் உண்டு. பன்னிரண்டு மாதக் குறியீட்டின் சராசரியை எடுத்து, 2001-ஐ நூறாகக் கொண்ட அளவுக்கு மாற்ற 2.88-ஆல் பெருக்க வேண்டும். அதிலிருந்து 261.42-ஐக் கழித்து, 261.42-ஆலேயே வகுத்து, நூறால் பெருக்கினால் சதவீதம் வரும். 2023-ம் ஆண்டின் சராசரி ஏறத்தாழ 393. கழித்தால் 131.58. வகுத்தால் 50 சதவீதமும் சில்லறையும். சில்லறையை விட்டுவிடுவார்கள். 2024 ஜனவரியில் 50 சதவீதம் வந்தது இப்படித்தான். இதில் அமைச்சரின் தாராள மனதுக்கு இடமே இல்லை, எல்லாம் கழித்தலும் வகுத்தலும்தான்.

இந்தக் குறியீட்டிலும் ஒரு வேறுபாடு உண்டு. 2001 தொடரில் உணவுக்கு 46 சதவீதத்துக்கு மேல் எடை இருந்தது. 2016 தொடரில் அது 39 ஆகக் குறைந்தது. மக்கள் மற்றவற்றுக்கு அதிகம் செலவழிக்கிறார்கள் என்பது காரணம். ஆனால் சிறு ஓய்வூதியத்தில் வாழ்பவர் வீட்டில் அரிசி, காய்கறி, மருந்துதான் முக்கால் செலவு. தக்காளி விலை ஏறும்போது அவர் உணர்கிற அளவுக்குக் குறியீடு உணர்வதில்லை.

"ஏழாவது பே கமிஷனில் சம்பளம் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது" என்று சொல்பவர்களுக்கும் ஒரு கணக்கு. பழைய குறைந்தபட்சம் 7,000 ரூபாய். அன்று அகவிலைப்படி 125 சதவீதம். இரண்டும் சேர்ந்து 15,750 ஏற்கனவே கையில் வந்துகொண்டிருந்தது. புதிய சம்பளம் 18,000. உண்மையான உயர்வு 2,250 ரூபாய், அதாவது 14 சதவீதத்துக்குச் சற்று மேல், பத்து ஆண்டுக்கு ஒரு முறை. 2.57 என்ற பெருக்கல் எண்ணில் பெரும்பகுதி பழைய அகவிலைப்படிதான். எட்டாவது குழு அமைந்து, வாட்ஸ்அப்பில் விதவிதமான பெருக்கல் எண்கள் சுற்றும் இந்த நேரத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி மத்திய அரசு மூன்று தவணைகளை நிறுத்தியது. தமிழக அரசும் நிறுத்தியது. 17 சதவீதத்திலேயே நின்ற படி மத்தியில் 2021 ஜூலையிலும், தமிழகத்தில் 2022 ஜனவரியிலும்தான் மீண்டும் ஏறியது. நின்ற மாதங்களுக்கு அரியர் கிடையாது. 20,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம் வாங்கும் தமிழகத்து ஓய்வூதியரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ன் முதல் ஆறு மாதத்தில் மாதம் 800 ரூபாய் குறைவு, அடுத்த ஆறில் 1,400, அடுத்து 2,200, கடைசி ஆறில் 2,800. நான்கையும் கூட்டினால் 43,200 ரூபாய். நாட்டின் நெருக்கடியில் பங்கு கொண்டோம் என்று நம்மில் பலர் அதை ஏற்றுக்கொண்டோம். ஆனால் அந்த இரண்டு ஆண்டில் மளிகைக் கடைக்காரர் பழைய விலைக்குச் சாமான் தரவில்லை.

இவ்வளவும் படி உள்ளவர்களின் கதை. படியே இல்லாதவர்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையால் வளர்ந்த ஊர். பக்கத்து நெய்வேலி நிலக்கரியால் எழுந்த ஊர். என்.எல்.சி.யில் வேலையில் இருப்பவர்களுக்குத் தொழில்துறை அகவிலைப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும். குறியீடு இறங்கினால் படியும் இறங்கும். ஆனால் ஆலைத் தொழிலாளியோ சுரங்கத் தொழிலாளியோ ஓய்வு பெற்றபின் வாங்குவது 1995-ம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டப் பணம். 2014 முதல் அதற்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். விலைவாசியோடு ஏறும் படி அதில் இல்லை. 2001-ல் ஒருவருக்கு 1,000 ரூபாய் நிர்ணயித்திருந்தால், மேலே சொன்ன 393 கணக்குப்படி 2023-ல் அதன் மதிப்பு ஏறத்தாழ 254 ரூபாய். யாரும் அவர் பணத்தைக் குறைக்கவில்லை. ஆனாலும் முக்கால் பங்கு போய்விட்டது.

அரசு ஊழியர்களிலும் இந்தப் பிரிவு வந்துவிட்டது. ஓய்வூதியம் கருணைத் தொகை அல்ல, உழைத்துச் சம்பாதித்த உரிமை என்று 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தமிழகத்தில் 2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு வந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில், அகவிலையோடு ஏறும் ஓய்வூதியம் என்ற உறுதி எழுதப்படவில்லை. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் அகவிலை நிவாரணத்தை மறுபடி சேர்த்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் சுற்றி வந்து, கடைசியில் தானிய விலைக்கே திரும்ப வேண்டியிருந்தது.

அதனால் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை வேலைக்குச் சேரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஓய்வுக்குப் பின் வரும் தொகை விலையோடு ஏறுமா, நின்ற இடத்தில் நிற்குமா என்றும் கேளுங்கள். ஏறாது என்றால், ஏறக்கூடிய வேறு சேமிப்பை முதல் மாதச் சம்பளத்திலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். அடுத்த முறை படி உயர்வுச் செய்தி வரும்போது, கடைத்தெருவில் கேட்பவர்களிடம் நான் கோபப்படுவதாக இல்லை. அவர்களில் பாதிப் பேர் ஆயிரம், இரண்டாயிரம் என்று நின்றுபோன ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். எங்களுக்குக் கிடைப்பது அதிகம் என்பதல்ல அவர்கள் குறை. அவர்களுக்கும் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்பதே.