ஒரு தீர்மானமும் ஒரு கோடி அகதிகளும்

அயல்நாட்டில் நேர்ந்த அவலம் குறித்து ஒரு நாட்டின் மன்றம் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றுவது உலகில் அரிய செய்தியன்று. தீர்மானம் நிறைவேறும், உறுப்பினர் கலைவர், நடவடிக்கைக் குறிப்பேட்டில் அது உறங்கும். ஆனால் 1971ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் புது தில்லியில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் அவ்வாறு உறங்கவில்லை. தன்னை நிறைவேற்றிய மன்றத்தையே அது எட்டுத் திங்களுக்கு மேல் விடாது பின்தொடர்ந்தது. இறுதியில் அஞ்சல் உறையின் மூலையில் ஒட்டிக்கொண்டு நம்மனோர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

1970 டிசம்பரில் பாகிஸ்தானில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் ஷேக் முஜிபுர் ரஹ்மான் தலைமையிலான அவாமி லீக், மகளிர்க்கு ஒதுக்கிய இடங்களையும் சேர்த்து 313 இடங்களுள் 167ஐக் கைப்பற்றியது. அவ்விடங்கள் அனைத்தும் கிழக்கு வங்காளத்தில் பெற்றவை. பெரும்பான்மை பெற்றோரை ஆட்சிக்கு அழைப்பதே முறை. குடியரசுத் தலைவர் யாஹியா கானோ மன்றம் கூடுவதைத் தள்ளி வைத்தார், பேச்சுவார்த்தை நடத்தினார், மார்ச்சு 25ஆம் நாள் இரவு டாக்கா நகரில் படையை ஏவினார். பல்கலைக்கழக விடுதிகளும் காவலர் குடியிருப்புகளும் குண்டுக்கு இரையாயின. முஜிபுர் ரஹ்மான் சிறைப்பட்டார்.

அப்போது இந்தியாவில் ஐந்தாவது மக்களவை பிறந்து ஒரு திங்கள்கூட நிறையவில்லை. இந்திரா காந்தி அம்மையாரின் கட்சி 352 இடங்களைப் பெற்றிருந்தது. தமிழகத்திலிருந்து திராவிட முன்னேற்றக் கழகம் 23 உறுப்பினரை அனுப்பியிருந்தது. 27ஆம் நாள் அயலுறவு அமைச்சர் சுவரண் சிங் அவையில் அறிக்கை படித்தார். அவ்வறிக்கை உறுப்பினர்க்கு நிறைவளிக்கவில்லை. எல்லைக்கப்பால் குருதி ஓடுகையில் இத்துணைத் தணிந்த சொற்களா என்று வினவினர். இத்தகைய வேளையில் தவறான ஒரு சொல்லும் நாம் கருதாத விளைவைத் தரக்கூடும் என்பது பிரதமர் அன்று கூறிய மறுமொழியின் சாரம். அதில் உண்மை உண்டு. எனினும் அவையின் மனத்தை அது அமைதிப்படுத்தவில்லை.

நான்கு நாள் கழித்து, எதிர்க்கட்சித் தலைவர்களைக் கலந்து எழுதிய தீர்மானத்தைப் பிரதமரே முன்மொழிந்தார். ஈரவைகளும் ஒருமனதாக ஏற்றன. அதன் சொற்களை ஊன்றி நோக்குதல் தகும். 'கிழக்குப் பாகிஸ்தான்' என்னும் அரசாங்கப் பெயரை விடுத்துக் 'கிழக்கு வங்காளம்' என்றே அது பேசுகிறது. அங்கு நடப்பதை இனப்படுகொலைக்கு ஒப்பானது என்று கூறி, அதனை உடனே நிறுத்துமாறு பாகிஸ்தானை வற்புறுத்த வேண்டுமென உலக நாடுகளை அழைக்கிறது. ஏழரைக் கோடி மக்களின் எழுச்சி வெல்லும் என்கிறது. அவர்தம் போராட்டத்துக்கு இந்திய மக்களின் முழுமனத்துடன் கூடிய அனுதாபமும் ஆதரவும் உண்டு என்று வாக்களித்து முடிகிறது.

அந்த 'ஆதரவு' என்னும் சொல்லில்தான் பின்னர் வந்த பூசல் எல்லாம் அடங்கியிருந்தது. ஆதரவு எனில் யாது? உணவும் மருந்துமா? படைக்கலமா? புதிய அரசை ஏற்றுக்கொள்வதா? தீர்மானம் இவற்றுள் ஒன்றையும் கூறவில்லை. வேண்டுமென்றே கூறவில்லை என்பது என் கருத்து. ஏப்ரல் 17ஆம் நாள் முஜிப்நகரில் வங்க தேசத்தின் தற்காலிக அரசு பதவியேற்றபின், அதனை அங்கீகரிக்க வேண்டும் என்னும் குரல் அவையில் ஓங்கியது. கிழக்கு வங்காளத்தில் பிறந்த சமர் குகா, ஜனசங்கத்தின் வாஜ்பாயி முதலியோர் இதனை மீண்டும் மீண்டும் எழுப்பினர். ஆகஸ்டுத் திங்களில் ஜனசங்கம் தில்லியில் சத்தியாக்கிரகமே நடத்தியது. அரசோ காலம் கருதிக் காத்திருந்தது. உறுப்பினரின் பொறுமையின்மை வீண் ஆரவாரம் என்று அன்று சிலர் எழுதினர். நான் அவ்வாறு கருதவில்லை. வாக்களித்த அவை அவ்வாக்கை நாள்தோறும் நினைவூட்டாதிருந்தால், அதுவும் குறிப்பேட்டிலேயே தங்கியிருக்கக்கூடும்.

இதற்கிடையே மக்கள் வரத் தொடங்கினர். மே 24ஆம் நாள் பிரதமர் மக்களவையில் அளித்த அறிக்கை, எட்டு வாரங்களில் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் எல்லை கடந்துள்ளனர் என்று கூறியது. இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர், கிறித்தவர் என எல்லாச் சமயத்தாரும் அவருள் இருந்தனர். பாகிஸ்தானின் உள்நாட்டுச் சிக்கல் என்று சொல்லப்பட்டது இன்று இந்தியாவின் உள்நாட்டுச் சிக்கலாகிவிட்டது என்று அவர் சுட்டிக்காட்டினார். அயல்நாட்டு விவகாரத்தில் தலையிடுவதா என்னும் வினாவுக்கு அதனினும் கூரிய விடை வேண்டியதில்லை.

ஆண்டின் இறுதியில் தொகை 98,99,305 என்று அரசு கணக்கிட்டது. அவருள் ஏறத்தாழ 68 இலட்சம் பேர் 825 முகாம்களில் இருந்தனர். எஞ்சிய 31 இலட்சம் பேர் உற்றார் உறவினர் வீடுகளில் தங்கினர். மேற்கு வங்காளம் மட்டும் 75 இலட்சம் பேரைத் தாங்கியது. ஆயினும் வியப்புக்குரியது திரிபுராவே. அவ்வாண்டுக் கணக்கின்படி 15½ இலட்சம் மக்களே வாழ்ந்த அச்சிறு நிலப்பகுதியில் 14 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து குடியேறினர். வீட்டுக்கொரு விருந்தினர் வருவதற்கே முகம் சுளிப்போர் உள்ள உலகில், ஆளுக்கொருவரை ஏற்ற நாடு அது.

கல்கத்தாவின் கிழக்கோரத்தில் அப்போது உருவாகி வந்த சால்ட் லேக் பகுதியில், வடிகாலுக்கெனக் கிடத்தியிருந்த சிமெண்டுக் குழாய்களுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன. மழை வந்தது, உடன் வாந்திபேதியும் வந்தது. வனகாவ் முகாமில் நரம்பு வழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துவிடவே, டாக்டர் திலீப் மகலனபிசு சர்க்கரையும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. பின்னாளில் உலகெங்கும் குழந்தைகளின் உயிர் காத்த அம்முறை, அந்தச் சேற்றில்தான் பெருந்திரளான மக்களிடையே மெய்ப்பிக்கப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டுமே! ஆறு திங்கள் நிவாரணத்துக்கே மைய அரசின் செலவு ரூபாய் 180 கோடியைக் கடக்கலாம் என்று பிரதமர் மே திங்களில் மதிப்பிட்டார். அத்திங்கள் இறுதியில் நிதியமைச்சர் சவாண் அளித்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென ஒதுக்கப்பட்டது ரூபாய் 60 கோடியே. உலக நாடுகளின் உதவி வந்தது, அது போதவில்லை. எனவே அக்டோபரில் அவசரச் சட்டங்கள் பிறந்தன. டிசம்பரில் நாடாளுமன்றம் அவற்றைச் சட்டங்களாக்கியது. இரயில் கட்டணத்தின்மீதும், உள்நாட்டு விமானப் பயணத்தின்மீதும், அஞ்சல்மீதும் வரி விழுந்தது.

வெளியூர்களில் வாழ்ந்த தமிழர்க்கு அவ்வஞ்சல் வரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்து தஞ்சைக்கும் நெல்லைக்கும் சென்ற கடிதங்களே அன்று குடும்பத்தின் உயிர்நாடி. 1971 நவம்பர் 15 முதல் அவ்வுறைகளில் வழக்கமான தபால்தலைக்கு அருகில் ஐந்து காசுத் தலை ஒன்றும் ஒட்ட வேண்டியதாயிற்று. தாய், தந்தை, இரு குழந்தைகள் கொண்ட குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலையின்மீதே 'அகதிகள் நிவாரணம்' என்னும் பொருள்படும் சொற்களை அச்சிட்டு முதலில் வெளியிட்டனர். தலைகள் போதாமையால் சில ஊர்களில் ரப்பர் முத்திரை குத்தியும் வழங்கினர். அடுத்த திங்கள், அகதிகளின் உருவம் தாங்கிய தனித் தலை வெளிவந்தது. 1973 வரை இவ்வரி நீடித்தது. பழைய கடிதக் கட்டுகளைப் பேணி வைத்துள்ள அன்பர்கள் அவிழ்த்துப் பார்த்தால், அத்தலையை இன்றும் காணலாம். மார்ச்சு 31இல் 'இந்திய மக்களின் ஆதரவு' என்று அவை எழுதியதற்கு, மக்கள் இட்ட கையொப்பம் என்றே அதனை நான் கொள்கிறேன். நன்கொடையன்று, கட்டாய வரிதானே என்பார் உளர். ஆம், ஆனால் அவ்வரியை எதிர்த்து நாட்டில் பெருங்கிளர்ச்சி எதுவும் எழவில்லை.

எஞ்சியவை யாவரும் அறிந்தவை. டிசம்பர் 3இல் போர் மூண்டது. 6ஆம் நாள் பிரதமர் நாடாளுமன்றத்தில் வங்க தேசத்துக்கு அங்கீகாரம் அறிவித்தார். எட்டுத் திங்களாகக் கேட்டவர்கள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தனர். 16ஆம் நாள் மாலை, டாக்கா இனிச் சுதந்திர நாடொன்றின் சுதந்திரத் தலைநகர் என்று அதே அவையில் கூறினார். சனவரியில் அகதிகள் திரும்பலாயினர். மார்ச்சு முடிவதற்குள் மிகப் பெரும்பாலோர் தம் ஊர் சேர்ந்துவிட்டனர். ஒரு கோடி மக்கள் ஓராண்டுக்குள் வந்ததும் மீண்டதும் உலக வரலாற்றில் அரிது.

ஆயினும் அவை செய்யாதுவிட்ட ஒன்றையும் கூறுதல் வேண்டும். அகதிகளுக்கென ஒரு சட்டத்தை அது இயற்றவில்லை. வந்தவர்கள் 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டு, குறித்த காலம் தங்க அனுமதிச் சீட்டுப் பெற்றனர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையொப்பமிடவில்லை. இன்றளவும் நிலை அதுவே. 1983க்குப் பின் இலங்கைத் தமிழர் படகேறி வந்து மண்டபம் முகாமில் இறங்கியபோதும், அவர்களை ஏற்றது அரசின் ஆணையும் மக்களின் இரக்கமுமே. சட்டம் தந்த உரிமையன்று. இரக்கம் பெரிது. ஆனால் அது ஆட்சிக்கு ஆட்சி மாறக்கூடியது.

மார்ச்சு 25 என்னும் நாளுக்கும் வேறொரு வாழ்வு வாய்த்தது. 1985 ஆகஸ்டில் அசாம் உடன்பாடு ஏற்பட்டபோது, 1971ஆம் ஆண்டின் அந்நாளையே எல்லைக்கோடாகக் கொண்டனர். அதே ஆண்டில் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தில் 6அ என்னும் பிரிவைச் சேர்த்து, அக்கோட்டைச் சட்டமாக்கியது. அந்நாளிலோ அதற்குப் பின்னரோ அசாமுக்கு வந்தோர் சட்டத்தின் கண்ணில் அயலார். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அப்பிரிவை நிலைநிறுத்தியது. அதற்கு முன்னரே, 2019 ஆகஸ்டு 31இல் வெளிவந்த அசாம் குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் இடம்பெறவில்லை. அப்பதிவேட்டுக்குச் சான்றாக ஏற்கப்பட்ட ஆவணங்களுள் அகதிப் பதிவுச் சீட்டும் ஒன்று; 1971 மார்ச்சு 24 நள்ளிரவுக்கு முன் வழங்கப்பட்டதாயின்.