புத்தளக் கரையும் காந்தத்தின் மூன்று கூறுகளும்

கி.பி. 1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து மாபர் நாட்டுக்குப் புறப்பட்ட இபுன் பதூதா, வழி தவறிப் புத்தளக் கரையை அடைந்தார். மூன்று நாட் பயணம் ஒன்பது நாளாயிற்று. கடலறிந்த மாலுமி கலத்தில் இல்லை என அவரது பயணநூல் கூறும். ஆரியச்சக்கரவர்த்தி அவரை ஆதரித்தமை யாவரும் அறிந்ததே. அவர் திசை பிழைத்தமையால் வரலாற்றுக்கு ஒரு சான்று கிடைத்தது. எனினும் திசை பிழைத்தோர் எல்லாரும் கரை சேர்ந்தாரல்லர்.

மாலுமிக்குத் துணையான காந்த ஊசி, புலத்தின் கிடைக்கூற்றை மட்டுமே காட்டியது. புவியின் காந்தப்புலம் நிலத்தை நோக்கிச் சாய்வதுமுண்டு. இலண்டனில் அச்சாய்வு ஏறத்தாழ 66 பாகை. புத்தளத்திலோ, காந்த மத்தியகோடு அண்மையிற் செல்வதால், புலம் ஏறக்குறையக் கிடையாகவே உள்ளது. அதன் வலிமை ஏறத்தாழ 40 மைக்ரோதெஸ்லா. இக்கோட்டுக்கு அண்மையான திருவனந்தபுரத்தில், 1852 இல் வானாய்வு நிலையத்தைப் பொறுப்பேற்ற ஜோன் அலன் புரௌன், அகத்தியமலை உச்சியிலும் காந்தக் கருவிகளை நிறுவினார். அசையா அறை வேண்டிய அக்கருவிகள் அலையிலாடும் தோணிக்குப் பயன்படா.

1879 இல் எட்வின் ஹோல், மின்னோட்டம் செல்லும் மெல்லிய பொற்றகட்டைக் காந்தப்புலம் ஊடுருவுகையில், அதன் பக்கங்களிடையே சிறு மின்னழுத்தம் தோன்றக் கண்டார். சிலிக்கனில் இவ்விளைவு பன்மடங்கு பெரிது. ஆயினும் தட்டையான தகடு தன்னைச் செங்குத்தாக ஊடுருவும் புலத்தையே உணரும். கற்பிட்டித் தோணியொன்றின் பலகையிற் கிடத்தினால், அங்குள்ள கிடைப்புலத்தை அது காணாதென்றே சொல்லலாம்!

சுவிற்சர்லாந்திற் பணியாற்றிய பொப்போவிச் 1984 இல் இத்தடைக்கு வழி கண்டார். மின்னோட்டத்தை மேற்பரப்பினின்று சிலிக்கனின் ஆழத்துட் செலுத்தி மீளச் செய்தார். ஆதலின் பரப்புக்கு இணையான புலமும் அளவிடப்பட்டது. இத்தகைய இரண்டை ஒன்றுக்கொன்று செங்கோணத்திலும், தட்டையான ஒன்றை உடனும் ஒரே சில்லில் அமைப்பின் மூன்று கூறுகளும் கிட்டும். எண்ணத்தில் எளிது; ஆக்கத்தில் அரிது. பளிங்கின் தகைப்பும் தொடுகைகளின் சமச்சீரின்மையும், புலமே இல்லாதபோதும் பொய்யான அழுத்தத்தைக் காட்டும். புவிப்புலம் தருவதைவிட அது பன்மடங்காகவும் கூடும். மின்னோட்டத்தைத் தொடுகைதோறும் திசைமாற்றிச் செலுத்திச் சராசரி காண்பதே அதற்குரிய மருந்து. அம்மருந்தும் முழுமையானதன்று, வெப்பநிலை மாற, எஞ்சிய பிழையும் மாறும்.

இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், முக்கூறும் அளக்கும் ஹோல் சில்லுகள் கைத்தொலைபேசியுட் புகுந்தன. கிடைநிலை குலைந்தாலும், புவியீர்ப்பை உணரும் துணைக்கருவியால் அவை திசையைக் கணித்துவிடும். ஆயினும் தோணியின் இயந்திர இரும்பு அருகிருப்பின் அதன் புலமும் அளவிற் கலக்கும். தொலைபேசியை எட்டின் வடிவிற் சுழற்றுவது அதன் சொந்தக் காந்தப் பிழையை நீக்குமேயன்றி, இயந்திரத்தால் விளையும் பிழையை நீக்காது.